அத்தான் கழற்றிய கேபிள்

எதையும் வரிசைப்படி எழுதிவைப்பது என் பழக்கம். நான் போகும் மோட்டார் மெக்கானிக் மாலை வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள்: ஊகத்தை எழுதாதே, அளந்ததை எழுது. இந்த வாரம் நான் எழுதியதில் எது அளந்தது, எது ஊகம் என்று இன்று சிவப்பு மையால் கோடிட்டுப் பார்த்தேன். பாதிப் பக்கம் சிவந்துவிட்டது.

அப்பாவின் பட்டறையில் படகு மோட்டார்களைப் பழுதுபார்க்கிறோம். நான் அங்கே நாலு வருடமாக வேலை செய்கிறேன். அக்காவின் கணவர் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குமுன் அவர் கார் மெக்கானிக். வந்த முதல் வாரமே அப்பாவின் மேஜைக்குப் பக்கத்து நாற்காலி அவருக்குப் போய்விட்டது. நான் இன்னமும் ஆயில் டின்மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் மூன்று படகுகளின் மோட்டார்களையும் இனி ஒரே ஆள் பொறுப்பில் விடுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். யார் என்று வெள்ளிக்கிழமை சொல்வதாகப் படகுக்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

திங்கட்கிழமை பெரிய படகு வந்தது. சுவிட்சைத் திருகினால் மோட்டார் முனகியது, கிளம்பவில்லை. பேட்டரி இறங்கிப்போயிருந்தது, முனைகளில் பச்சை பூத்திருந்தது. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜில் போட்டேன். செவ்வாய் காலை முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினேன். மீட்டரில் 12.6 வோல்ட். மோட்டாரை ஓட்டி அளப்பதற்குள் அப்பாவும் அத்தானும் வந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் நகரு டீச்சர்," என்றார் அத்தான். நோட்டும் கையுமாகத் திரிவதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

மோட்டாரைக் கிளப்பினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் கறுப்புக் கேபிளைக் கழற்றினார். மோட்டார் நிற்கவில்லை. கேபிளைத் திரும்ப மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா மாமா? பேட்டரியே இல்லாம ஓடுது. சார்ஜிங் ஜம்முன்னு இருக்கு."

பழைய கார்களில் இப்படித்தான் பார்ப்பார்களாம். ஆனால் இந்தப் படகு மோட்டார் எப்படியும் பேட்டரி இல்லாமல் ஓடும். அதனால் இந்தச் சோதனை எதையும் காட்டாது. இதில் ஆபத்தும் உண்டு. மோட்டாரில் பிறக்கும் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது ரெக்டிஃபையர். ஓடும்போது கேபிளைக் கழற்றினால் அது கருகிவிடலாம். இரண்டாவது வாரப் பாடம். சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அப்பா அத்தானின் தோளில் தட்டினார்.

"மாப்ள கை பட்டா போதும்!"

நாலு வருடத்தில் அந்தக் கை என் தோளில் விழுந்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன். நோட்டில் எழுதினேன்: "10.20. ஓடும்போது கேபிள் கழற்றப்பட்டது. ரெக்டிஃபையர் போயிருக்கும்." சர்க்கரையை அள்ளித் தின்றதுபோல் இருந்தது.

படகு புதன்கிழமை ஓடியது. வியாழன் காலை அக்கரையில் மோட்டார் மறுபடி கிளம்பவில்லை. படகுக்காரர் கயிற்றை இழுத்து இழுத்து மோட்டாரைக் கிளப்பி வந்து சேர்ந்தார்.

"உங்ககிட்ட குடுத்தா மோட்டார் சரியாகுதோ இல்லையோ, என் தோள்பட்டை கழண்டுடும் போலிருக்கு," என்றார்.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டி, பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 12.1. சார்ஜ் ஏறினால் 14-ஐத் தொட வேண்டும், அசையவில்லை.

"ரெக்டிஃபையர் போயிடுச்சுப்பா. தானாப் போகல. ஓடற மோட்டார்ல கேபிளைக் கழட்டினா இப்படித்தான். இது ஒண்ணும் கார் இல்ல." படகுக்காரர் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

அத்தானின் முகம் சுண்டிப்போனது. "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மற்றப் படகுகளைப் பார்க்கப் படகுக்காரரோடு போய்விட்டார்.

அலமாரியில் இருந்த புது ரெக்டிஃபையரை மாட்டி மோட்டாரை ஓட்டினேன். 12.1. மீட்டர் ஒயர்களின் நுனிகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். 12.1. காது சூடானது. நோட்டைப் புரட்டினேன். எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று நானே வரைந்த கட்டங்கள். முதல் கட்டம்: "பேட்டரிக்கு வரும் எல்லா ஒயர்களும் மாட்டியிருக்கிறதா?" அதில் மட்டும் டிக் இல்லை. குற்றவாளி கிடைத்துவிட்டதால் முதல் கட்டத்தைப் பார்க்கத் தோன்றவேயில்லை.

பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருந்த அத்தான் நிமிர்ந்தார். இரண்டு விரலுக்கு நடுவே மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று.

"இது எங்க போகணும் டீச்சர்?"

அதன் நுனி பளபளவென்று இருந்தது. செவ்வாய்க்கிழமை நான் தேய்த்த பளபளப்பு. சார்ஜ் வருவதே அந்த ஒயர் வழியாகத்தான். கடைசியில் மாட்டலாம் என்று ஓரமாக வைத்தேன், அதற்குள் இவர்கள் வந்தார்கள், மறந்தேன். மோட்டாரைக் கிளப்பும் தடித்த கேபிள் மாட்டியிருந்ததால் ஒருநாள் தாக்குப்பிடித்திருக்கிறது.

மாட்டினேன். 14.1.

"பழைய ரெக்டிஃபையரையும் போட்டுப் பாத்துடலாமே?" என்றார். போட்டோம். 14.1. அவர் எதையும் கருக்கவில்லை.

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "புதுசையே மாட்டிடு. அதை மாத்தினோம், சரியாயிடுச்சுன்னு மாமாகிட்ட சொல்லிக்கலாம். நான் கழட்டினதும் தப்புதானே. வீட்டுக்குள்ள எதுக்கு இதெல்லாம்?"

எனக்கு நன்றி பொங்கியிருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. நாற்காலி அவருக்கு, தோள்தட்டல் அவருக்கு, இப்போது பெருந்தன்மையும் அவருக்கா? விறுவிறுவென்று படித்துறைக்கு நடந்தேன்.

"நான்தான்ப்பா ஒயரை மாட்டாம விட்டேன். ரெக்டிஃபையர் நல்லாத்தான் இருக்கு. அத்தான் மேல தப்பில்ல."

"அப்ப என் தோள்பட்டைக்கு நீதான் பொறுப்பா?" என்று படகுக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

இன்று காலை முடிவைச் சொன்னார். மூன்று படகுகளும் மாப்பிள்ளைக்கு.

"மறந்தது பெரிசில்ல சின்னவளே. யாரும் மறப்பாங்க. தெரிஞ்சே வாய மூடிக்கிட்டு இருந்தியே, அதான்."

அக்காவோ வீடு முழுக்க, "தானா வந்து ஒத்துக்கிட்டாளே, எவ்வளவு பெரிய மனசு!" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

மாலை வகுப்புக்குக் கிளம்பும்போது அத்தான் ஒரு புது நோட்டோடு வந்து நின்றார். "எதை முதல்ல அளக்கணும், எதை அப்புறம் அளக்கணும்னு சொல்லிக்குடு டீச்சர். கார் புத்தி போகணும்ல?"

முதல் கட்டத்திலிருந்து சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல். ஆயில் டின்மேல் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். அவர் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருக்கிறது.