பாதி வேட்டையில் திரும்பியது

"மிளகை எனக்குக் கொடுத்துடுங்கப்பா."

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், அப்பாவின் நாயை மட்டும் கேட்கக் கூடாது. பேசத் தெரிந்த நாளிலிருந்து அம்மா அவளுக்குச் சொல்லி வைத்தது அது. இன்று கேட்டுவிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. "பட்டதாரி அம்மா என்னமோ சொல்றாங்க. காதுல விழுந்துச்சாடா?"

"விழுந்துச்சு," என்றான் அண்ணன். வீங்கிய கணுக்காலை நாற்காலியில் தூக்கி வைத்திருந்தான்.

எல்லாம் அந்தக் காலால் வந்தது. நேற்று மூன்று நாய்களும் காட்டுப்பன்றியை மடக்கி நின்றபோது அண்ணன் பள்ளத்தில் விழுந்தான். மற்ற இரண்டும் அசையவில்லை. மிளகு மட்டும் திரும்பி ஓடிவந்து அவனருகில் உட்கார்ந்துகொண்டது. அது விட்ட இடைவெளியில் பன்றி பாய்ந்து, மூத்த நாயின் வயிற்றைக் கிழித்துவிட்டுப் போனது. அந்த நாய் வீடு வந்து சேரவில்லை. பாதி வேட்டையில் திரும்பிய நாயை வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்வதில்லை, யாருக்கும் கொடுப்பதுமில்லை. வளர்த்தவர்தான் சுட வேண்டும்.

திரும்பி வரப் பழக்கியவள் அவள். பரீட்சைக்குப் படித்த மாதங்களில் அண்ணனின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. தவழும் குழந்தை கட்டிலடியில் மறையும், எங்காவது விழுந்து அழும். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் விரலைச் சொடுக்குவாள். மிளகு போய்த் தேடிப் பிடித்து, ஆள் வரும்வரை குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அந்தத் தயவில்தான் அவள் பட்டம் வாங்கினாள்.

"கெடுத்தது நான். கெட்டுப்போனதை எனக்கே கொடுங்க."

"செத்துப்போனதை யாரு கொடுப்பா?" என்றார் அப்பா. "செத்ததையும் இதையும் என் கால்மாட்டுல போட்டுத்தான் வளர்த்தேன். நான் என்ன கல்லா?"

"அப்போ சுடாதீங்க."

"நாளைக்குக் கூட்டாளிங்க முன்னாடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?"

"உங்க மூஞ்சிக்காக அது சாகணுமா?" அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "உனக்காகத்தானேடா வந்துச்சு. வாயத் திறந்து சொல்லேன்."

அண்ணன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் விழாம இருந்திருக்கணும்," என்றான்.

"எங்கே கொண்டுபோவே?" என்றார் அப்பா. "வேலைக்குச் சேர்ந்தா விடுதியிலதான் தங்கணும்னியே. நாயை விடுவாங்களா?"

"மாட்டாங்க. வேலைக்கு வரலைன்னு காலையிலயே சொல்லிட்டேன்."

"அடிப்பாவி," அம்மா வெளியே வந்துவிட்டாள். "நம்ம வம்சத்துலயே முதல் ஆபீஸ் வேலைடி அது."

தெரியாதா அவளுக்கு. நாயோடு போய்த் தங்க ஒரு இடம்கூட இல்லை. அப்பா வாயால் கொடுத்துவிட்டால், என்றைக்காவது இந்த வீட்டுக்குத் திரும்பி வர வழியிருக்கும். அந்த நப்பாசையில்தான் கேட்டாள்.

"கொடுக்க முடியாது," என்றார் அப்பா.

"சரிப்பா."

கொல்லைக்குப் போய் மிளகின் சங்கிலியை அவிழ்த்தாள். நேற்றிலிருந்து யாரும் அதன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவளையும் நம்பாமல் சுவரோரம் ஒண்டியது. கழுத்து வாரைப் பிடித்து இழுத்தாள்.

"அவ கூட்டிட்டுப் போறாப்பா," என்றான் அண்ணன்.

அப்பா துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தடுக்கவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நாயோடு படியிறங்கினாள். இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைத் தெருவுக்கு வந்த பிறகுதான் யோசித்தாள்.