கத்துவதற்கு ஒரு நாற்காலி

பல் டாக்டரம்மாவின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவர் வெளியாள் இல்லை, கூடப் பிறந்த அண்ணன். பேய்க்கதை எழுத்தாளர். ஊரையே நடுங்க வைத்த அந்த மகாவீரருக்கு இருட்டென்றால் உதறல். விளக்கை அணைக்காமல்தான் தூங்குவார். எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. குடி வேறு. தூங்குகிற மனைவியை எழுப்பி எழுப்பி, "இந்த வரி பயமா இருக்கா பாரு" என்று கேட்டதில் அந்தப் புண்ணியவதியும் பெட்டியைக் கட்டிவிட்டாள். கடைசியில் தங்கை வீட்டுச் சாப்பாடுதான்.

சாப்பிட்டோமா, சும்மா இருந்தோமா என்று இருந்தாரா? தங்கையின் கிளினிக்கை அப்படியே கதையில் இறக்கினார். விளிம்பு உடைந்த பச்சை வாஷ்பேசின், கிறீச்சிடும் நாற்காலி, எல்லாம் அச்சு அசல். அதில் வரும் டாக்டரம்மா பல்லோடு உயிரையும் சேர்த்துப் பிடுங்குவாள். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. கிளினிக்கில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று.

"அண்ணா, உனக்கு வேற டாக்டரே கிடைக்கலையா?"

"எனக்குத் தெரிஞ்ச பயங்கரமான இடம் அது ஒண்ணுதாம்மா" என்றார் அண்ணன், வீங்கின கன்னத்தைப் பொத்திக்கொண்டு.

"அடுத்த புத்தகத்துல அவளை நல்லவளா மாத்து. இல்லன்னா சோறு கிடையாது."

மாற்றினார், பாவம். இரண்டாம் பாகத்தில் டாக்டரம்மா தங்கமானவள். மெல்லக் குனிந்து, கொஞ்சுகிற குரலில் "வலிக்காது" என்பாள். கெட்டவளைவிட இந்த நல்லவள்தான் பயங்கரமாக இருந்தாள். அவ்வளவுதான், மிச்சமிருந்த நாலு பேரும் போச்சு. தங்கை பழக்கதோஷத்தில் "வலிக்காது" என்று வாயெடுத்தாலே நாற்காலியிலிருந்து குதித்து ஓடினார்கள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த அண்ணன் எழுந்திருக்கவில்லை. தங்கை அழுதாள், திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள். பிறகு கிளினிக்கை மூடிவிடுவது என்று முடிவுகட்டி, சாமான்களை ஒழிக்கப் போனாள்.

அங்கே வாசலில் ஒரு கும்பல். அண்ணனின் வாசகர்கள்.

"மேடம், எங்களுக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல. அந்த நாற்காலியில ஒரு தடவை உக்காந்துட்டுப் போயிடுறோம்" என்றாள் முன்னால் நின்ற கல்லூரிப் பெண்.

எரிச்சலாகத்தான் வந்தது. ஆனாலும் உட்கார வைத்தாள். உட்கார்ந்தவள் விடவில்லை, "அந்த வார்த்தையையும் சொல்லுங்க மேடம்" என்று கெஞ்சினாள். தொலையட்டும் என்று விளக்கைப் போட்டுக் குனிந்து, "வலிக்காது" என்றாள் டாக்டரம்மா.

வீறிட்டாள் பாருங்கள், உள்நாக்கு வரை தெரிந்தது.

"அப்படியே இரு, மூடாதே. கடைவாய்ல ரெண்டு சொத்தை."

அடுத்து உட்கார்ந்தவன் கத்தினான்; ஞானப்பல் கோணல். அதற்கடுத்தவர் கத்தினார், ஈறு முழுக்கச் சீழ். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தாராளமாக யாரும் அவளுக்கு வாயைத் திறந்து காட்டியதில்லை. கண் நிறைந்துவிட்டது.

"பாவி, செத்தும் எனக்கு ஆள் அனுப்புறியே" என்று முணுமுணுத்தாள்.

சொத்தைக்காரி கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "நாளைக்கும் திறந்திருக்குமா மேடம்? எங்கப்பாவும் ஒரு தடவை கத்தணுமாம்."

"இருப்பேம்மா" என்றாள் டாக்டரம்மா. "காலையிலேயே கூட்டிட்டு வா."