தொப்புளுக்கு என்ன பொடி

ஏழாம் நாள் காலையில் தெயானிராவின் பெண் குழந்தைக்குத் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் புண்ணில் பொடி வைத்தாக வேண்டும். ஆற்றோரத்துக் கறுப்புச் சனத்தில் எந்தப் பிள்ளையின் தொப்புளும் வெறுமனே மூடியதில்லை. எதைப் பொடித்து வைக்கிறார்களோ அதன் குணம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். வழுக்குமீனை வைத்தால் யார் பிடிக்கும் சிக்காது. கொங்கா என்கிற பெரிய கறுப்பெறும்பை வைத்தால் உழைப்புக்கு அஞ்சாது.

தெயானிரா பிறந்தபோது அவளுக்கு எறும்புதான் வைத்திருந்தார்கள். ஒன்பது வயதில் கண்டல் காட்டுச் சேற்றில் இறங்கியவள். வேர்களுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டுக் கறுப்புச் சிப்பி தோண்டுகிற வேலை. மூத்தவள் நூரிஸைப் பெற்றபோது நாற்பது நாள் படுக்க வேண்டியவள், பதினெட்டாம் நாளே தோணியில் ஏறிவிட்டாள். பொம்பளைன்னா இவளல்லவா என்று ஊர் மெச்சியது. அந்த வாரமே கர்ப்பப்பை கீழே இறங்கிப்போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. அதற்கும் சேறுதான் காரணம் என்று அவளுக்குத் தெரியும், அதையும் சொல்லவில்லை.

இந்தத் தடவை மருத்துவச்சி ஃபிதெலினா கறாராகச் சொல்லிவிட்டாள். "காலைத் தரையில வெச்சே, மறுபடி உன் வாசப்படி மிதிக்கமாட்டேன்." ஆகவே தெயானிரா படுத்திருந்தாள். அவளுக்குப் பதிலாகப் பதினோரு வயது நூரிஸ் பெண்களோடு சிப்பிக்குப் போய்வந்தாள். நூரிஸின் தொப்புளிலும் எறும்புதான்.

மத்தியானம் மர அறுப்பு மில்லிலிருந்து வந்த புருஷன் அர்லின்சன், சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்து, பொடி வைக்க வந்திருந்த ஃபிதெலினாவின் மடியில் வைத்தான்.

"எங்கம்மா புடிச்சுக் காயவெச்சுக் குடுத்துவிட்டா. ஒவ்வொண்ணும் வெரல் தண்டி. வெய்யி அக்கா."

"நீயே ஒரு எறும்பைத் தின்னுருக்கலாம்டா, தம்பி. வந்ததும் வராததுமா பெஞ்சுல சாயுற" என்றாள் ஃபிதெலினா.

"மில்லுல வந்து ஒரு நாள் மரம் தூக்கிப் பாரு, அப்பறம் பேசு."

 எறும்பு என்பதில் தெயானிராவுக்கும் மறுப்பு இல்லைதான். சேற்றை நம்பிப் பிழைக்கிற பெண்ணுக்கு வேறென்ன வைப்பது?

அப்போது நூரிஸ் படி ஏறி வந்தாள். தலைச்சுமையாகக் கூடை, வழிய வழியச் சிப்பி. இடது கையால் இறக்கி வைத்தாள். வலது கை சட்டைக்குள் இருந்தது. நேரே அடுப்பங்கரைக்குப் போய் அரிசியைக் களைந்தாள். வாழைக்காய் உரிக்க உட்கார்ந்தாள். தெயானிரா படுத்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் இடது கையால் கத்தி பிடித்துத் தடுமாறினாள்.

"நூரிஸ், இங்க வா. அந்தக் கையக் காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுடி!"

உள்ளங்கை பன்ரொட்டி போல உப்பியிருந்தது. கட்டைவிரல் கறுத்து மினுங்கியது. சேற்றுக்குள் பதுங்கிக் கிடக்கிற தவளைமீன் விஷ முள்ளை ஏற்றியிருக்கிறது. அந்த வலியில் பெரிய பொம்பளைகளே சேற்றில் உருண்டு கதறுவார்கள்.

"எப்போடி?"

"காலையில. எறங்கினதுமே."

"அப்பறம் இவ்வளவு நேரம் என்ன பண்ணுன?"

"கூடை நெறையலையேம்மா." நூரிஸின் கண்ணில் ஒரு மினுக்கம். "ஒரு சொட்டு அழல. யாருக்குமே தெரியாது. எறும்பு அழாதுல்ல?"

அது தெயானிராவின் சொல். முழங்காலில் அடிபட்டபோதும், காய்ச்சலில் கிடந்தபோதும் பெண்ணிடம் அவள் சொல்லிச் சொல்லி வளர்த்தது.

அர்லின்சன் தொடையில் தட்டினான். "பாத்தியா அக்கா, நீ வெச்ச எறும்பு எப்படி வேலை செய்யுது!"

ஃபிதெலினா அதற்குள் வெந்நீர் போட எழுந்துவிட்டாள். தெயானிரா கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்தத் தீப்பெட்டிய எடுத்து ஆத்துல போடு."

"என்னது?"

"என் புள்ளைக்கு எறும்பு வேண்டாம். அக்கா, உங்கிட்ட மரச்சோம்பேறி நகம் இருக்குல்ல?"

மரத்தில் தலைகீழாகத் தொங்கி நாளெல்லாம் தூங்குகிற பிராணியின் நகம். ஃபிதெலினா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இருக்கு. ஆம்பளப் பசங்களுக்கு வைப்பேன், கைப்பிடி உறுதியா இருக்கட்டும்னு."

"எனக்குப் பிடியெல்லாம் வேண்டாம். அது தூங்குதுல்ல, அதுக்காக வெய்யி."

அர்லின்சன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் எழுந்து நின்றான். "கிறுக்கா உனக்கு? ஊரே சிரிக்கும். அக்கரையில நின்னுக்கிட்டு என் மகள 'ஏ சோம்பேறி'ன்னு கூப்பிடுவானுங்க."

"கூப்பிடட்டும். படுத்துக்கிட்டே 'என்னடா'ன்னு கேப்பா."

"உழைக்காம எப்படிப் பொழைப்பா?"

"நம்ம சனத்துக்கு உழைக்க யாருய்யா பொடி வைக்கணும்? சங்கிலி போட்டுக் கொண்டாந்து எறக்குன நாள்லேருந்து அதத்தான பண்றோம். உக்காரத்தான் ஒருத்தருக்கும் தெரியல. எனக்குக் கீழ எறங்கிக் கெடக்கு, பதினோரு வருசமா. தெரியுமா உனக்கு?"

அவனுக்குத் தெரியாது. ஃபிதெலினா தரையில் விட்டுப்போன தீப்பெட்டியைக் குனிந்து எடுத்துக்கொண்டான்.

நூரிஸ் வெந்நீரில் கையை முக்கியிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. "அப்போ எறும்பு நல்லதில்லையாம்மா?"

 "எறும்பு என்னடி பண்ணுச்சு. ஓடு ஓடுன்னு நாந்தான ஒன்ன வெரட்டுனேன்." பிறகு தெயானிரா மருத்துவச்சியைப் பார்த்தாள். "இவளுக்கும் அந்த நகத்துல கொஞ்சம் வெக்கலாமா அக்கா?"

"அடச்சீ! பதினோரு வயசுத் தொப்புள்ள எங்கடி எடம்? அழுக்குதான் இருக்கும்."

நூரிஸ் சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். முதலில் மூச்சு மட்டும் வந்தது. அப்புறம் வாய்விட்டு, காலையிலிருந்து அடக்கியதெல்லாம் சேர்த்து. தெயானிரா அவளை வெந்நீர்ச் சட்டியோடு பாய்க்கு இழுத்துக்கொண்டாள்.

ஃபிதெலினா குழந்தையை மடியில் கிடத்தினாள். நகத்தைக் கல்லில் உரசித் துளி பொடியைத் தொப்புளில் வைத்து, விரலால் அமுக்கி, வாய்க்குள் செபம் சொன்னாள். குழந்தை கொட்டாவி விட்டது. "பாரு, அதுக்குள்ள புடிச்சிருச்சு" என்றாள். 

கீழே ஆற்றில் தோணி ஒன்று வந்து முட்டியது. "நூரிஸ்! நாளைக்கு ஆறு மணிக்குத் தண்ணி வத்துது. ரெடியா இரு!"

நூரிஸ் பழக்கத்தில் எழப் பார்த்தாள். தெயானிரா அவள் தோளை அமுக்கினாள். "வரமாட்டா!"

"ஏன், என்னாச்சு?"

"படுத்திருக்கா!"

தோணியில் நாலைந்து பெண்கள் சிரிக்கிற சத்தம். "யாரு, அர்லின்சன் மகளா? படுத்திருக்காளா?"

தெயானிரா புருஷனைப் பார்த்தாள். அவன் கையில் இன்னும் தீப்பெட்டி இருந்தது. அதைப் பெஞ்சில் போட்டுவிட்டு வாசலுக்குப் போனான்.

"ஆமா, படுத்திருக்கா! கையி பணியாரமா வீங்கிக் கெடக்கு. காலையில ஒங்க கூடத்தான இருந்தா, ஒருத்தி கண்ணுலயும் படலையா? போங்கடி!"

சிரிப்பு அடங்கியது. துடுப்புச் சத்தம் தள்ளிப்போனது. அவன் உள்ளே வந்து யாரையும் பார்க்காமல் அடுப்பங்கரைக்குப் போனான். கொஞ்ச நேரம் ஏனம் உருளுகிற சத்தம்.

"உப்பு எங்கடி வெச்சிருக்க?"

நூரிஸ் தலையைத் தூக்கினாள். தெயானிரா தன் காலைத் தூக்கி அவள் கால்மேல் போட்டாள்.

"இருக்கற எடத்துலதான் இருக்கு" என்றாள். "தேடு."