எண்பத்தாறாயிரம் ஓடின வண்டி

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். நாற்பதைத் தாண்டி, கண் மருத்துவமனையில் நாள் முழுக்க ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, "இந்த வரியைப் படிங்க, இப்ப கீழ் வரி" என்று சோதித்து அனுப்புகிற பொறுப்பான வேலையில் இருந்தும் அந்தப் பெயர் உதிரவில்லை. உதிராததற்குக் காரணமும் இருந்தது. கல்லூரி நாளிலிருந்து அவளுக்கு ஒரே பித்து, முன்னால் குனிந்து ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் பைக். கல்யாணம், பிள்ளை, அடுத்தடுத்த பொறுப்புகள் என்று அந்த ஆசை பரணில் ஏறிக் கிடந்தது. மகள் விடுதியில் போய்ச் சேர்ந்த வருஷம் அவள் கணவரே, வாங்குவதானால் வாங்கு, பின்னால் மட்டும் என்னை உட்காரச் சொல்லாதே என்று சொல்லிவிட்டார்.

புதுசுக்குக் கை எட்டாது. பழைய வண்டி என்று முடிவானதும் அவளுடைய தம்பி, கேட்காமலே ஆலோசகர் பதவியை ஏற்றுக்கொண்டான். அவன் வங்கியில் வேலை பார்ப்பவன். சைக்கிள் தவிர எதையும் ஓட்டியதில்லை என்றாலும் ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து மெக்கானிக் ஆகியிருந்தான். மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதுதான் ஜாதகம், மற்றதெல்லாம் பூச்சு என்பது அவன் கட்சி. குடும்ப வண்டி லட்சம் ஓடலாம், ஸ்போர்ட்ஸ் வண்டி அப்படியில்லை, முறுக்கி முறுக்கி ஓட்டி இன்ஜினின் உயிரை உறிஞ்சியிருப்பார்கள் என்று விளக்குவான்.

அவன் தேர்ந்தெடுத்த முதல் வண்டி கல்யாணப் பெண் மாதிரி மினுங்கியது. பல வருஷத்து வண்டி, ஆனால் ஓடியது சொற்பம். வாலு அதை எடுத்துக்கொண்டு இரண்டாவது தெருமுனை திரும்புவதற்குள் இருமியது, திக்கியது, நின்றேவிட்டது. பெட்ரோல் டேங்கைத் திறந்து பார்த்தால் உள்ளே துரு. டயரை விரலால் அழுத்தினால் கருங்கல். ஓட்டாமலே பத்திரமாக வைத்திருந்தேன் என்றார் சொந்தக்காரர். அந்தப் பத்திரம்தான் அதைக் கொன்றிருக்கிறது என்பது வாலுவுக்குப் புரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியைத் தள்ளியது தம்பி.

அடுத்த விளம்பரத்தை அவளே பார்த்தாள். எண்பத்தாறாயிரம் கிலோமீட்டர். தம்பி ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, பூஜ்யம் ஒன்று கூடிவிட்டதோ என்று கேட்டான். கூடவில்லை. வாலு அந்த எண்ணுக்குப் பேசினாள். எதிர்முனையில் இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். நிதானமான குரல். கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், வால்வ் இடைவெளி முதல் சங்கிலி வரை காலாகாலத்தில் பார்த்து, குழந்தை மாதிரி வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவும் தம்பியும் போனார்கள்.

கீழ்த்தளத்து வீடு. முன்னறை முழுக்கத் துணி உருளைகள், ஒரு தையல் மிஷின், சுவரோரம் பாதி தைத்த திரைச்சீலைகள். மெக்கானிக்கின் மனைவி திரைச்சீலை தைப்பவர், ஐம்பதை ஒட்டிய வயது, ஊசி மாதிரி கூர்மையான பார்வை. பின்பக்கக் கொட்டகையில் வண்டி நின்றது. அதன்மேல் போட்டிருந்த உறைகூடத் திரைச்சீலைத் துணிதான், உள்ளே மெத்தென்று அடித்துணி வைத்துத் தைத்தது. அந்த அம்மாள் உறையை உருவினாள். கறுப்பு வண்டி. கைப்பிடி ரப்பர் தேய்ந்து வழவழத்திருந்தது. மற்றபடி ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு இல்லை, சங்கிலியில் ஒரு துரும்பு அழுக்கு இல்லை.

இன்ஜினைத் தொட்டுப் பார்த்து, ஆறித்தான் இருக்கிறது, முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வாலு ஸ்டார்ட் செய்தாள். ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, கடகடப்பு இல்லை. தம்பியின் முகம் வாடியது.

வேடிக்கை அப்போதுதான் தொடங்கியது. ஃபோனில் குழந்தை என்று கொஞ்சிய மனிதர், மனைவி பக்கத்தில் நிற்கும்போது வண்டியைக் கரித்துக் கொட்டினார். ஓடாத ஓட்டமெல்லாம் ஓடிவிட்டது, இனி எந்த நேரம் கழுத்தறுக்குமோ தெரியாது, வைத்திருந்தால் நமக்குத்தான் ஆபத்து என்றார். தம்பி உற்சாகமாகத் தலையாட்டினான். மனைவிக்கு வந்ததே கோபம். எங்கே என்ன கோளாறு, விரலை வைத்துக் காட்டுங்கள் என்று கேட்டாள். அவரால் காட்ட முடியவில்லை. "கெடக்குது விடு, ஓட்டம் ஜாஸ்தியாயிடுச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, வண்டி நல்ல வண்டி, நம்பி எடுத்துக்கோங்க என்றார்.

விற்கிறவன் தன் சரக்கைத் தானே திட்டுவதை வாலு இதற்குமுன் பார்த்ததில்லை. இந்த மனிதர் மனைவிக்கு ஒரு வண்டியும் எங்களுக்கு ஒரு வண்டியும் வைத்திருக்கிறாரா என்று யோசித்தாள். யோசித்தபடியே வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினாள். அவருடைய இடப்பக்கத்திலிருந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வாங்க மறுக்கவும் இல்லை. கை அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

அவள் கையை எடுக்காமல் நின்றாள். அதன்பிறகு மற்றதெல்லாம் கண்ணில் படத் தொடங்கியது. அவர் ஒன்றைத் தேடும்போது கண்ணைத் திருப்பவில்லை, தலையையே திருப்பினார். காலடியில் கிடந்த முக்காலியில் முழங்கால் இடித்தது. தன் சொந்தக் கொட்டகையில், தினம் நடக்கிற இடத்தில், சுவரைத் தடவியபடி நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்து இந்த மாதிரித் தலையைத் திருப்புகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

தம்பியை அனுப்பித் தெருவில் மேடுபள்ளம் எப்படி என்று பார்த்துவரச் சொன்னாள். அவன் தலை மறைந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"சார், பக்கவாட்டுல தெரியறது எப்பத்துல இருந்து கொறஞ்சுது?"

அவர் ஒரு துணியை எடுத்தார். வண்டியின் டேங்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார், நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

விடுமுறை நாளென்றால் கணவனும் மனைவியும் அந்த வண்டியில் கிளம்பிவிடுவார்கள். மலைச்சாலை, கடற்கரைச் சாலை, ஒன்றுமில்லாவிட்டால் பக்கத்து ஊர் வரை போய்விட்டுத் திரும்புவது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் பேச்செல்லாம் அந்த வண்டிமேல்தான் நடந்தது. அவள் பின்னாலிருந்து பேசுவாள், அவர் தலையாட்டிக்கொண்டே ஓட்டுவார். அப்படி ஒரு சாயங்காலம் திரும்பும்போது, கைப்பிடிக்குப் பக்கத்திலேயே ஒரு சைக்கிள் மணி கேட்டது. திரும்பினால், இவரை உரசுகிற மாதிரி ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். அவள் எங்கிருந்து வந்தாள் என்றே அவருக்குத் தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்த மனைவிக்கு அது நடந்ததே தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நிறுத்திய வண்டியை அவர் பிறகு தெருவுக்கு எடுக்கவில்லையாம், வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து துடைத்து வைப்பதோடு சரி.

டாக்டரிடம் போகவில்லை. போனால் என்ன சொல்வார்களோ என்ற பயம். மனைவியிடமும் சொல்லவில்லை, சொன்னால் அவள் தூக்கம் போய்விடும். வண்டி கிழடாகிவிட்டது என்று ஒரு கதை கட்டினார். மீட்டரில் இருந்த எண் அதற்குத் தோதாக அமைந்தது.

வாலு முக்காலியை இழுத்துப்போட்டு அவரை உட்காரவைத்தாள். அவருக்கு எதிரே நின்று, தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரண்டு பக்கமும் விரலை அசைத்துக் காட்டினாள். காதுப் பக்கத்திலிருந்து வெகுதூரம் முன்னால் வந்த பிறகுதான் அவருக்கு விரல் தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிற நோயாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், கருவியில் பார்க்காமல் எதையும் சொல்வது தவறு என்றாள்.

"போன பார்வை திரும்பாது சார். அதுல பொய் சொல்ல மாட்டேன். ஆனா இருக்கறத காப்பாத்தலாம். நீங்க தள்ளிப்போடற ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கும்."

"அவகிட்ட எப்படிம்மா சொல்றது?"

"இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, அப்படியே."

தண்ணீர்த் தம்ளர்கள் வைத்த தட்டோடு அந்த அம்மாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். தட்டைத் தரையில் வைத்தாள். என்ன நடக்கிறது என்று கேட்டாள். வாலு விலகிப்போகப் பார்த்தாள். இருங்கம்மா என்று அவர்தான் நிறுத்தினார். அவர் சொன்னார். சைக்கிள் மணியிலிருந்து தொடங்கி, கோர்வையில்லாமல், தரையைப் பார்த்தபடி சொன்னார்.

அந்த அம்மாள் கடைசிவரை கேட்டாள். அழுவாள் என்று வாலு எதிர்பார்த்தாள். அவள் வண்டியின் பின்னிருக்கையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஒரு சுத்து போலாமான்னு எத்தன தடவ கேட்டிருப்பேன். வேல இருக்குன்னீங்க. ஒடம்பு அலுப்புன்னீங்க. அப்புறம் வண்டி கெழடாயிடுச்சுன்னீங்க. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? கெழடானது வண்டியில்ல, நான்தான்னு நெனச்சேன். என்னைக் கூட்டிக்கிட்டுப் போறது சலிச்சுப் போச்சாக்கும்னு."

அவர் தலையைத் தூக்கினார். அவள் நின்ற பக்கம் திரும்ப வேண்டியிருந்தது, திரும்பினார்.

"உன்னைப் பின்னாடி வெச்சுக்கிட்டு எங்கயாவது மோதிட்டா, அப்புறம் நான் இருந்து என்ன பண்றது?"

அவள் அருகில் வந்தாள். அவருடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டாள். நிமிர்த்திய பிறகும் கையை அங்கேயே வைத்திருந்தாள்.

தெருவை அளந்துவிட்டு வந்த தம்பி கொட்டகை வாசலில் நின்று, என்ன அக்கா, வண்டியில் ஏதாவது பெரிய கோளாறா என்று கேட்டான். இல்லை என்றாள் வாலு. ஆனால் முகமெல்லாம் இப்படி இருக்கிறதே என்று அவன் முணுமுணுத்தான். அவனுக்கு யாரும் விளக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த காரியத்தைப் பாருங்கள், ஓட்டிப் பார்க்காமல் வண்டி வாங்குவார்களா என்றாள். உள்ளே போய்த் தன் ஹெல்மெட்டை எடுத்து வந்தாள். இந்த வண்டியை அவரைவிடத் தனக்குத்தான் நன்றாகத் தெரியும், அவர் கையால் ஓட்டினார், தான் முதுகெலும்பால் ஓட்டியிருப்பதாகச் சொல்லி, யாரையும் கேட்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வாலு வண்டியைத் தெருவுக்கு எடுத்தாள். பெரிய சாலையில் ஏறியதும் முறுக்கினாள். வண்டி பாய்ந்தது. இத்தனை வருஷமாகப் பரணில் கிடந்தது இறங்கி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது போலிருந்தது அவளுக்கு. பின்னாலிருந்து அந்த அம்மாள் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு வந்தாள். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் எண்ணெய் கசியாமல் காக்கிற சீல் சீக்கிரம் மாற்றவேண்டி வரும், பள்ளத்தில் இறங்கும்போது கவனித்தாயா என்றாள். குளிரில் மூன்றாவது கியர் கொஞ்சம் அடம்பிடிக்கும், பொறுமையாகப் போட்டால் போதும் என்றாள். மற்றபடி இன்ஜின் தங்கம், ஓடிக்கொண்டே இருந்ததால்தான் அது தங்கமாக இருக்கிறது என்றாள்.

பாலம் தாண்டினார்கள். வாலுவின் சட்டையை அவள் பிடித்திருந்த பிடி இறுகியது.

"முழுசா போயிடுமாம்மா?"

காற்றில் அந்தக் கேள்வி துண்டு துண்டாக வந்தது. வாலு வேகத்தைக் குறைத்தாள். இப்போதே சொல்ல முடியாது, ஆனால் நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, உங்கள் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது, அதை அப்படியே வைத்திருக்க மருந்து இருக்கிறது, நாளைக் காலையில் நானே டாக்டரிடம் அழைத்துப்போகிறேன் என்றாள். முதுகில் ஹெல்மெட் வந்து சாய்ந்தது. அந்த அம்மாள் அழுகிறாள் என்பது தோள்பட்டையில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தூரம் போகலாமா என்று கேட்டாள். வாலு போனாள். கேட்டதைவிட அதிக தூரமே போனாள்.

திரும்பியபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டி திரும்பும் முனைக்கு நேராக முகத்தை வைத்து, ஓசையைக் கேட்டே சிரித்தார். தம்பி பக்கத்தில் நின்று, ஸ்போர்ட்ஸ் வண்டியில் ஓட்டத்தைவிட எண்ணெய் மாற்றுவதுதான் முக்கியம் என்று, தானே கண்டுபிடித்ததுபோல, அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விலையில் யாரும் இழுபறி செய்யவில்லை.

மறுநாள் கண்ணில் அழுத்தம் பார்த்தார்கள். இருக்கவேண்டியதைவிட வெகுவாக ஏறியிருந்தது. ஓரப்பார்வையில் பாதிக்குமேல் போயிருந்தது. காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. நல்லவேளை இப்போதாவது வந்தீர்கள் என்று சொன்னார். தினம் சொட்டு மருந்து, பிறகு ஒரு சின்ன லேசர் சிகிச்சை. அடுத்தடுத்த சோதனைகளில் பார்வையின் எல்லை மேலும் குறுகாமல் அதே இடத்தில் நின்றது. லிஃப்ட் வேலையில் உயரத்தில் ஏறுவதை விட்டுவிட்டு, பணிமனையில் மோட்டார் பிரித்து மாட்டுகிற மேஜைக்கு மாறிக்கொண்டார். விடுமுறை நாட்களில் இருவரும் பஸ்ஸில் முதல் இருக்கை பிடித்துப் போகிறார்கள். அவள் இடப்பக்கம் உட்கார்ந்து, அந்தப் பக்கம் வருவதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே வருகிறாளாம். முன்பும் அவள்தான் பேசினாள், அதில் மாற்றமில்லை என்று அவர் வாலுவிடம் சொல்லிச் சிரித்தார்.

வண்டி லட்சத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. ஃபோர்க் சீல் மாற்றியதோடு சரி, வேறு செலவு வைக்கவில்லை. பரிசோதனைக்கு வருகிற நாளில் அந்த அம்மாள் கணவரை வரிசையில் உட்காரவைத்துவிட்டு, முதலில் வண்டி நிறுத்துமிடத்துக்குத்தான் போகிறாள். குனிந்து, சங்கிலியை விரலால் தொட்டுப் பார்க்கிறாள். போன தடவை வாலுவின் அறைக்கு நேராக வந்து, கையைத் துடைத்தபடி சொன்னாள்:

"சங்கிலி காஞ்சு கெடக்கு. ஊர் கண்ணையெல்லாம் பாக்கற, இது தெரியலையா ஒனக்கு?"

அதற்குள் உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கண் கருவியின் தாடைத் தாங்கியில் முகத்தை வைத்துக் காத்திருந்த கணவர், அசையாமல், சங்கிலி எண்ணெயை எந்த அலமாரியில் வைத்திருக்கிறாய் என்று இவளிடம் சொல்லிவிடும்மா, போடாமல் விடமாட்டாள் என்று வாலுவிடம் சொன்னார்.