மூன்று நிமிட வீடியோ

பாதுகாப்புப் பயிற்சி என்றாலே அச்சகத்தில் எல்லோரும் தூங்கி வழிவார்கள். பயிற்சி அதிகாரி கையேட்டின் அறுபது பக்கத்தையும் திரையில் போட்டு வாய் வலிக்க ஒப்பிப்பாள். தேர்வில் பாதிப்பேர் கோட்டை விடுவார்கள்.

இந்த வருடம் மூன்றே நிமிடத்தில் ஒரு வீடியோ எடுத்தாள். காகிதம் வெட்டும் மெஷினுக்கு முன்னால் நின்று, மூத்த ஊழியர் ஆறு மாதம் முன்பு இரண்டு விரல் போன கையைக் காட்டி, தான் அணைக்க மறந்த சுவிட்ச் எது என்று சொல்கிறார். வைத்த கண் வாங்காமல் பார்த்தார்கள். தேர்வில் அத்தனை பேரும் தேறினார்கள்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூத்த ஊழியரிடம் ஓடினாள். "எப்படிண்ணே இருக்கு நம்ம வீடியோ?"

அவர் அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. போன வருஷமே இப்படி ஒண்ணு காட்டியிருந்தா, இதை எடுக்க நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்."