தலைமையின் ஓட்டு

அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கும் அவளைச் சங்கத்துக்குத் துணைத் தலைவியாகப் போட்டது சும்மா பேருக்குத்தான். தலைவராக இருந்த அண்ணன் மாரடைப்பில் போய்ப் பதினெட்டாம் நாள், செயலாளர் அவள் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைத் திணித்தார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம். நீங்கதான் நடத்தணும். இதைப் படிச்சிட்டு வந்துடுங்க."

கூட்ட விதிமுறைகள். அண்ணன் போனதிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை, பசிக்கவில்லை. படிக்க மட்டும் முடிந்தது. தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். திருத்தம் வந்தால் அதற்குத்தான் முதல் ஓட்டு.

ஒத்திகை சமையலறையில் நடந்தது. அண்ணிதான் உறுப்பினர்.

"காபி போடலாம்னு முன்மொழியறேன்" என்றாள் அண்ணி.

"வழிமொழிய ஆள் வேணும் அண்ணி."

"இந்த வீட்ல இன்னும் யாரு இருக்கா?"

அன்று காபி போடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் தவிர இருபத்தெட்டுப் பேர் வந்திருந்தார்கள். இரங்கல் தீர்மானத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் கடிகாரத்தைப் பார்த்து, சரியாக ஒரு நிமிடம் ஆனதும், "உக்காரலாம்" என்றாள்.

அடுத்து மெஷின்மேன் எழுந்தார். சங்கத்துப் படிப்பறைக்கு அண்ணன் பேரை வைக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். வேன் டிரைவர் வழிமொழிந்தார். புரூஃப் ரீடர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. ஆளுங்க பேரை எதுக்கும் வைக்கக் கூடாதுன்னு அவரே இங்க சண்டை போட்டிருக்காரு."

"செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடாதய்யா!" என்று மெஷின்மேன் கத்த, ஆளாளுக்குக் குரலை உயர்த்தினார்கள்.

"ஒருத்தர் பேசி முடிக்கட்டும். தலைமையைப் பார்த்துப் பேசுங்க." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. கூட்டம் அடங்கியது.

கைகளை எண்ணினாள். ஆதரவு பதினாலு, எதிர்ப்பு பதினாலு.

"அப்புறமென்ன, தங்கச்சி ஓட்டு இருக்கே!" மெஷின்மேன் சிரித்தேவிட்டார்.

அவள் புத்தகத்தைப் பிரித்து வாசித்தாள். ஓட்டு சமமானால் தலைமை ஓட்டுப் போடலாம். மாற்றத்துக்குப் பெரும்பான்மை இல்லாதபோது இருப்பது அப்படியே இருக்கும்படி போடுவதுதான் வழக்கம்.

"எதிரா போடறேன். தீர்மானம் தோத்துடுச்சு. அடுத்த பொருள்."

அடுத்த பொருள் கழிப்பறைக் கதவு. ஒருமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணியிடம் சொன்னாள். "அண்ணன் பேரை வைக்கிறது தோத்துடுச்சு அண்ணி. என் ஓட்டுலதான்."

அண்ணி சொன்னாள்: "உங்கண்ணன் இருந்திருந்தா ரெண்டு நாள் உங்கூடப் பேசியிருக்க மாட்டாரு."

"அப்புறம்?"

"மூணாம் நாள் வந்து, எந்த விதின்னு கேட்டிருப்பாரு."

சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த மாதக் கூட்டத்தையும் அவளே நடத்தட்டும் என்று செயலாளர் சொல்லி அனுப்பினார். சரி என்றாள்.