இல்லாத பறவை

மன்னார்ப் பறவைகளைப் பற்றிய அந்த இணையக் கையேட்டை எழுதியவள் இன்ஷிரா. வங்காலைக்கும் கட்டுக்கரைக் குளத்துக்கும் பஸ்ஸில் அலைந்து, வெயிலில் முகம் கறுத்து எழுதினாள். வாப்பா ஹலீம் பாரிசவாதத்தில் விழுந்ததும், அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான கொண்டச்சிக்குப் போனாள். அவள் போன கையோடு, அவள் வேலை செய்த நிறுவனத்தின் இணைப்பாளர் ஜுனைட் கையேட்டிலிருந்து அவளுடைய பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

அவள் போனில் கேட்டாள். "சம்பளத்துக்குத்தானே எழுதினீங்கள்? பேரில என்ன கிடக்கு?" என்றார்.

"ஒண்டும் இல்லையெண்டா என்ர பேரையே விட்டிருக்கலாமே."

அவர் போனை வைத்துவிட்டார். இன்ஷிரா அழவில்லை. இந்த மனிசன் நாலு பேருக்கு முன்னால் தலைகுனிய வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிந்துகொண்டாள்.

அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. நிறுவனத்தின் கந்தோரில் இருந்த கணினி அடிக்கடி படுத்துவிடும் என்பதால், பறவைக் குறிப்புகளைத் தானே வாடகைக்கு எடுத்த இணைய இடத்தில் வைத்திருந்தாள். கையேட்டுப் பக்கங்களை ஆக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்தக் குறிப்புகள் இல்லை. அவை இருக்கும் இடத்துக்கு இணைப்பு மட்டுமே இருந்தது. யாராவது பக்கத்தைத் திறந்தால், அவளுடைய இடத்தில் அந்த நேரம் என்ன இருக்கிறதோ அதுவே வந்து நடுவில் தெரியும். அவள் ஒரு எழுத்தை மாற்றினால் அங்கேயும் மாறும்.

"எல்லாத்தையும் அழிச்சுவிடடி," என்றாள் நிறஞ்சலா. கந்தோரில் கையேட்டின் கோப்புகளைப் பார்ப்பவள் அவள்தான்.

"அழிச்சா, மெஷின் பழுது எண்டு சொல்லித் தப்பியிடுவார். அவர் தன்ர கையால எடுத்து விழுங்க வேணும்."

ஒரு நாள் மத்தியானம் இன்ஷிரா குறிப்புகளை மறைத்தாள். கையேடு முழுக்க வெறுமையானது. வெளியீட்டு விழா நெருங்கிய நேரம், ஜுனைட் பதறிப்போனார். பின்னேரம் எல்லாம் திரும்பி வந்தது. கூடவே புதிதாக ஒரு பறவையும் வந்தது: செவ்வலகு மணல்நாரை. வாடைக் காற்றோடு வரும், இலுப்பைக்கடவை உவர் நிலத்தில் இரை தேடும் என்று எழுதியிருந்தாள். அப்படி ஒரு பறவை உலகத்தில் எங்கேயும் இல்லை.

ஜுனைட் வாசிக்கவில்லை. நிறஞ்சலாவைக் கூப்பிட்டு, "இனி அவளின்ர இடத்தை நம்பி இருக்கேலாது. இணைப்பெல்லாத்தையும் வெட்டிப்போட்டு, எழுதியிருக்கிறதை அப்படியே எங்கட கோப்புக்குள்ள சேருங்கோ" என்றார்.

"ஒருக்கா வாசிச்சுப் பாக்கிறீங்களா, சேர்?"

"சேருங்கோ எண்டனான்."

நிறஞ்சலா சேர்த்தாள். குறிப்புகள் கையேட்டுக் கோப்பின் சொந்த எழுத்தாகிவிட்டன. இனி இன்ஷிரா என்ன மாற்றினாலும் அங்கே மாறாது. அவள் சொல்லி, அன்றைக்கே இன்ஷிரா தன்னுடைய இடத்திலிருந்து மணல்நாரையை எடுத்துவிட்டாள்.

விழாவுக்கு அவள் டவுனுக்கு வந்து கடைசி வரிசையில் இருந்தாள். மேடையில் பெரிய திரை; அதில் கையேட்டின் பக்கங்கள் ஓடின. "இதில உள்ள ஒவ்வொரு பறவையையும் நான் கண்ணால கண்டு எழுதினனான்," என்றார் ஜுனைட். சபை கை தட்டியது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த விலங்கியல் விரிவுரையாளர் சிவதர்சினி எழும்பினார். "செவ்வலகு மணல்நாரையை எங்க கண்டனீங்கள்?"

ஜுனைட் ஒரு கணம் திரையைப் பார்த்தார். "இலுப்பைக்கடவையில. போன மாரிக்கு. ஒரு கூட்டமே நிண்டது."

"அப்படி ஒரு பறவையே இல்லையே."

ஜுனைட் திரைக்குக் கையைக் காட்டினார். "அது... அது இணைப்பில வாறது. இன்ஷிரா எண்ட பிள்ளையின்ர இடத்தில இருந்து வருது. அவதான் மாத்திப்போட்டா."

இன்ஷிரா எழும்பினாள். "நான்தான் இன்ஷிரா. என்ர இடத்தைத் திறந்து பாருங்கோ, மிஸ்."

சிவதர்சினி தன் போனில் திறந்தார். மற்ற எல்லாப் பறவைகளும் வரிக்கு வரி அங்கே இருந்தன. மணல்நாரை மட்டும் இல்லை.

"இணைப்பெண்டா இஞ்ச இல்லாதது அங்க எப்படித் தெரியும், சேர்?" என்று கேட்டாள் இன்ஷிரா.

"அண்டைக்கு இருந்தது! நீ எழுதினதைத்தானே நான் அப்படியே எடுத்துச் சேர்த்தனான்!" என்று கத்தினார் ஜுனைட்.

தான் சொன்னது தன் காதிலேயே விழுந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. முன்வரிசையில் இருந்த நிறுவனத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். இன்ஷிரா சிரிக்கவில்லை. அவருடைய முகம் வெளிறுவதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசலில் சிவதர்சினி அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "பறவைக்கு வடிவான பேர்தான் வச்சிருக்கிறீங்கள்."

"இருந்திருந்தா வடிவாத்தான் இருந்திருக்கும், மிஸ்."

மாதம் முடிய முன்னர் ஜுனைட் பதவி இழந்தார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி இணைப்புத் தரச் சொன்னது. தன் பெயர் மேலே இருக்க வேண்டும், ஒரு வரியையும் உள்ளே எடுத்துச் சேர்க்கக் கூடாது என்ற உறுதியை வாங்கிக்கொண்டு கொடுத்தாள். அவள் நினைத்தால் குறிப்புகளை எந்த நேரமும் பிடுங்கலாம் என்பது அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஒரு பின்னேரம், வாப்பாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது ஜுனைட்டின் அழைப்பு வந்தது.

"நீங்கள் என்னை அழிச்சுப்போட்டீங்கள்," என்றார்.

"ஓம்," என்று சொல்லிவிட்டு, அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊதி ஆற்றினாள்.